சுமிதா ஆற்றங்கரை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் குடியிருக்கிறேன். மென்பொருள் வேலை. போன ஜூலை கடைசிச் சனிக்கிழமை மனைவியையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு சுமிதா ஆற்று வாணவேடிக்கைக்குப் போனேன். வெறுத்துவிட்டது. அசகுசா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாலத்தில் நிற்கக்கூடாது, நடந்துகொண்டே பார்க்க வேண்டும் என்று போலீஸார் மைக்கில் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். உட்காரும் இடங்களெல்லாம் காசு கொடுத்தவர்களுக்கு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்துவிட்டு, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

80களின் தொடக்கத்தில் அந்த ஆற்றங்கரையில் வேலை பழகியதாக நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். பல வருடம் நின்றுபோயிருந்த வாணவேடிக்கை மறுபடி தொடங்கிய புதிது அது என்று என் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். ஆரம்ப வருடங்களில் உண்மையிலேயே நன்றாக இருந்ததா? எங்கே நின்றால் நன்றாகத் தெரியும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். இவ்வளவு பணத்தை எரித்துப் புகையாக்குவது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆனால் 1733இல் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் இறந்தவர்களுக்காகத் தொடங்கப்பட்டது இது என்று படித்ததும் மனம் சமாதானமானது. வெறும் கேளிக்கை அல்ல, பிரார்த்தனை. அப்படி எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

அன்புடன்,
ஒரு வாசகன்
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க எனக்கு அந்த ஆற்றின் நினைப்புதான். சுமிதாவின் கிழக்குக் கரையில், முகோஜிமாவில் நான் தங்கியிருந்த தெருவில் மிச்சமிருந்த பழைய மரவீட்டையும் இடித்துவிட்டார்கள் என்று அங்கிருக்கும் நண்பர் படம் அனுப்பியிருந்தார். மொட்டையாகக் கிடந்த அந்த மனையைப் பார்த்த பிறகு வேறு எதுவும் எழுத ஓடவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். எங்கே நின்று பார்ப்பது? நிஷிகசாய் எடோகாவா வட்டத்தில்தானே இருக்கிறது? ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை எடோ ஆற்றங்கரையில் உங்கள் வட்டாரத்திலேயே பெரிய வாணவேடிக்கை நடக்கிறது, 1976 முதல். அகலமான ஆறு, புல் வளர்ந்த சரிவான கரை. மத்தியானமே போய்ப் பாயை விரித்துவிட்டால் குழந்தை படுத்துக்கொண்டே பார்க்கலாம். வீட்டுப் பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு அசகுசாவில் போய் இடிபட்டிருக்கிறீர்கள்.

புகை, பணம் பற்றிய உறுத்தல்: வருடத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம். ஒரு நகரம் ஒன்றாக அண்ணாந்து பார்க்க ஆகும் செலவு அது. அதற்கு மேல் இதில் பேச எனக்கு எதுவும் இல்லை.

பாலத்தில் போலீஸார் விரட்டினார்கள் என்கிறீர்கள். இதைச் சும்மா விட முடியாது. 1897இல் இதே ஆற்று வாணவேடிக்கையின்போது கூட்டம் தாங்காமல் ரியோகோகு பாலத்தின் கைப்பிடி உடைந்து ஆட்கள் ஆற்றில் விழுந்து செத்தார்கள். அது பழைய கதை என்றால் புதிய கதையும் இருக்கிறது. 2001 ஜூலையில் அகாஷி நகரில் வாணவேடிக்கை முடிந்து திரும்பிய கூட்டம் ஒரு நடைமேம்பாலத்தில் நெரிந்து 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். நான்கு வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற உங்களை ‘நடங்கள், நடங்கள்’ என்று தொண்டை வறளக் கத்திய அந்தப் போலீஸ்காரருக்கு நீங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இப்போது 1733. இதில் உங்களை விடப்போவதில்லை.

ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே பத்திரிகைகள் எழுதும் கதை இது. 1732இல் மேற்கு ஜப்பானில் பூச்சி விழுந்து நெல் அழிந்தது. பெரும்பஞ்சம். எடோ நகரத்தில், அதாவது அன்றைய டோக்கியோவில், கொள்ளைநோய். அடுத்த வருடம் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகன் யோஷிமுனே செத்தவர்களின் ஆன்மா சாந்தியடைய நீர்த்தெய்வத்துக்கு விழா எடுத்தார், ரியோகோகு பாலத்தருகே வாணம் விடப்பட்டது. இதில் பஞ்சம் உண்மை, யோஷிமுனேயும் உண்மை. ஆனால் அந்தச் சாவுகளையும் வாணத்தையும் சேர்த்து முடிச்சுப் போடும் கதைக்கு அந்தக் காலத்து ஆவணங்களில் ஆதாரம் கிடைக்கவில்லை. மெய்ஜி காலத்திலும் (1868–1912) அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த கதை அது என்று அந்த வட்டார வரலாற்றைத் துருவிய ஆய்வாளர்களே சொல்கிறார்கள்.

பின்னே எதற்காக விட்டார்கள்? புழுக்கம், தம்பி. டோக்கியோவின் கோடைப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். மின்விசிறி இல்லாத காலத்தில், நெருக்கியடித்த மரவீடுகளில், எடோ சனம் ராத்திரி எங்கே போகும்? ஆற்றுக்குத்தான் போகும். பழைய நாட்காட்டிப்படி ஐந்தாம் மாதம் 28இலிருந்து எட்டாம் மாதம் 28வரை கரையில் ராத்திரிக் கடை போட அனுமதி உண்டு. அதற்கு ‘ஆறு திறப்பு’ என்றே பெயர். திறப்பு நாள் இரவில் வாணம். செலவில் பெரும்பங்கு படகு வாடகைக்கு விடுபவர்களுடையது, மிச்சம் கரையோரத் தேநீர்க்கடைக்காரர்களுடையது. வாணம் விட்டால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் படகு ஓடும். இவ்வளவுதான்.

அதற்கும் முன்பே அந்த ஆற்றில் வாணம் இருந்தது. 1648இலேயே எடோ ஊருக்குள் வாணம் விடத் தடை போட்டார்கள். ஊர் முழுக்க மரமும் காகிதமும். பொறி விழுந்தால் தெருவே போய்விடும். ஆற்றோரத்துக்கு மட்டும் விலக்கு. 1659இல் யாமாதோ (இன்றைய நாரா) பக்கத்திலிருந்து யாஹே என்பவர் வந்து, நாணல் தண்டுக்குள் மருந்தை அடைத்துச் சின்ன வாணம் செய்து விற்றார். அதுதான் பிறகு ‘ககியா’ என்ற பெரிய வாணக்கடையானது. காசுள்ளவர்கள் படகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வாண வியாபாரி தன் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவான். காசு கொடுத்தால் ஒன்றைக் கொளுத்துவான். கரையில் இருப்பவர்களும் ஓசியில் பார்ப்பார்கள். அப்போது சிவப்பு, பச்சை, நீலமெல்லாம் கிடையாது. கரி எரிகிற மங்கலான செம்மஞ்சள் ஒன்றுதான். நிறம் வந்தது மெய்ஜி காலத்தில், வெளிநாட்டிலிருந்து பொட்டாசியம் குளோரேட் இறங்கிய பிறகு. அந்த மங்கல் வெளிச்சத்துக்கே ஊர் திரண்டு வந்திருக்கிறது.

ககியாவிலிருந்து பிரிந்து போன தலைமைப் பணியாள் தொடங்கிய கடை தமாயா. பாலத்துக்கு மேல்புறம் தமாயா, கீழ்ப்புறம் ககியா. யாருடைய வாணம் நன்றாக விரிந்ததோ அந்தக் கடையின் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்தும். 1843இல் தமாயா கடையில் தீப்பிடித்துத் தெரு எரிந்தது. எடோவை விட்டே அவர்களைத் துரத்திவிட்டார்கள். கடை போய் 180 வருடம் ஆகிறது. இன்றைக்கும் வானத்தில் பூ விரிந்தால் அந்தச் சனம் கத்துவது ‘தமாயா’ என்றுதான். உங்களுக்கு முன்னால் நின்றவர்களும் கத்தியிருப்பார்கள்.

இதெல்லாம் உங்களுக்குப் போதவில்லை. பிரார்த்தனை என்று யாராவது முத்திரை குத்தித் தந்தால்தான் வானத்தைப் பார்க்க மனம் ஒப்புகிறது. இது உங்கள் ஒருவரின் கோளாறு அல்ல. கோலம் அழகாக இருக்கிறது, அதனால் போடுகிறோம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. எறும்புக்குத் தீனி என்போம். காது குத்துவதற்கு நரம்பு, மெட்டி போடுவதற்கு கருப்பை. சந்தோஷத்துக்குச் சான்றிதழ் கேட்கிற இந்தப் புத்தியை நான் பல வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன், இன்று நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 1732இல் பூச்சி விழுந்தது, அதனால் பார்க்கலாம் என்றா?

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். ரயில் நிலையம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, கட்டடம், காசு, புகை, யோஷிமுனேயின் பஞ்சம் எல்லாம் இருக்கிறது. ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆற்று வாணவேடிக்கைக்குப் போய்விட்டு ஆற்றைப் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் வலித்தது.

நீங்கள் கேட்ட ‘ஆரம்ப வருடங்கள்’ எதிலிருந்து ஆரம்பித்தன என்று சொல்கிறேன். போருக்காக 1937இல் நின்றது, 1948இல் மறுபடி தொடங்கியது. பிறகு 1961 கோடையோடு ரியோகோகு வாணவேடிக்கையை நிறுத்தினார்கள். சாலை நெரிசல் ஒரு காரணம். இன்னொன்று நாற்றம். ஆறு செத்துப்போயிருந்தது. மேலே இருந்த ஆலைகளின் கழிவும் வீடுகளின் கழிவும் அப்படியே இறங்கி, தண்ணீர் கறுத்து, அடிச்சேற்றிலிருந்து வாயு குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. வாசேதா, கெய்யோ பல்கலைக்கழகங்கள் அந்த ஆற்றில் காலங்காலமாக நடத்திய படகுப் போட்டியையும் வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி சொல்லித்தான் அந்த வருடங்கள் எனக்குத் தெரியும். பட்டறையில் பிரஸ் மெஷினில் நின்றுவிட்டு வந்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் கூப்பிடுவார். என் ஜப்பானிய மொழி அரைகுறை; அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கோடையில் ஜன்னலைத் திறக்க முடியாதாம். ரயில் ஆற்றைக் கடக்கும்போது பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். ஒருநாள் வீட்டுப் பூஜை மாடத்திலிருந்து பித்தளை மணிக்கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. உள்ளே, விரல் நுழையாத அடிமடிப்பில், ஒரு கறுப்பு வளையம். ஆற்றிலிருந்து வந்த வாயு வீட்டுக்குள்ளிருக்கும் செம்பையும் பித்தளையையும் கறுக்கவைத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை துலக்கினேன், இந்த இடத்துக்கு மட்டும் கை போகவில்லை என்றார்.

அந்த ஆற்றை மீட்டார்கள். ஒரே நாளில் அல்ல. கழிவுக்குச் சட்டம் வந்தது, சாக்கடைக் குழாய் பதித்தார்கள், கழிவு சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள், அடிச்சேற்றை வாரினார்கள். 1964 ஒலிம்பிக்ஸ் சமயத்தில் தோனே ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிச் சுமிதாவுக்குள் விட வேலை தொடங்கினார்கள். 1978இல் படகுப் போட்டி திரும்பி வந்தது. அதே வருடம் வாணவேடிக்கையும் திரும்பியது, ரியோகோகுவிலிருந்து கொஞ்சம் மேலே தள்ளி, ‘சுமிதா ஆற்று வாணவேடிக்கை’ என்ற புதுப்பெயரில். கரையில் மனிதர்கள் மூக்கைப் பொத்தாமல் உட்கார முடிந்தபோது திரும்பி வந்தது, தம்பி. அதற்கு ஒரு நாள் முன்னால் அல்ல.

முழுதாகத் திரும்பிவிட்டதா என்றால் இல்லை. நான் போனபோது ஆற்றை யாரும் பார்க்க முடியாது. கடல் ஏற்றத்தில் ஊருக்குள் தண்ணீர் வராமலிருக்க, இரு கரையிலும் ஆளை மறைக்கும் கான்கிரீட் சுவரைச் செங்குத்தாக எழுப்பியிருந்தார்கள். எங்கள் கரையில் தலைக்கு மேல் தூண்களில் விரைவுச்சாலை வேறு. கரையோரத் தெருவில் நடந்தால் ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் சுவர். ஆறு இருப்பதற்கு அடையாளம் படகுச் சத்தம் ஒன்றுதான்.

அதனால் வாணவேடிக்கை அன்றைக்கு நாங்கள் கூரைமேல் ஏறினோம். அந்தக் காலத்து வீடுகளில் ஓட்டுக்கூரைக்கு மேலே துணி காயப்போட ஒரு மரப்பரண் இருக்கும். ஏணியில் ஏற வேண்டும். பாட்டி, பட்டறை முதலாளி குடும்பம், பக்கத்துவீட்டுப் பிள்ளைகள், நான். பரண் தாங்குமா என்று முதலாளி குதித்துப் பார்த்தார். உப்புப் போட்டு அவித்த பச்சை சோயாக் காய், குளிர்ந்த பார்லித் தண்ணீர். அங்கிருந்துதான் நான் முதன்முதலாக ஆற்றை முழுசாகப் பார்த்தேன். சுவருக்கு மேலே, விரைவுச்சாலைக்குக் கீழே, அந்தி வெளிச்சத்தில் அகலமாக, விளக்குப் போட்ட படகுகளோடு.

முதல் வாணம் ஏறியது. ஒரு கீற்று வளைந்து நெளிந்து மேலே போய், உச்சியில் ஒரு கணம் நின்று, அப்படியே உருண்டையாக விரிந்தது. நம்மூர்க் கோயில் திருவிழாவில் அவுட்டு விட்டுப் பார்த்தவன் நான், இது வேறு. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே வட்டம். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு சின்ன விதையை நடுவில் வைத்து, மருந்தை ஈரமாகப் பூசி, உருட்டிக் காயவைத்து, மறுபடி பூசி, பட்டாணி அளவு வரும்வரை வளர்ப்பார்கள். பூச்சு மாறும் இடத்தில் நிறம் மாறும். நூற்றுக்கணக்கான பொறிகளும் ஒரே நொடியில் சிவப்பிலிருந்து பச்சைக்குப் போக வேண்டும். போயின. நாங்கள் ‘ஆ’ என்று சொல்லி முடித்த பிறகுதான் சத்தம் வந்தது, பரணின் பலகை வழியாக உள்ளங்காலில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் கருகிய காகிதத் துணுக்குகள் மேலே உதிர ஆரம்பித்தன. குண்டின் மேலோட்டுக் காகிதம். பாட்டி தன் மடியில் விழுந்த ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கந்தக வாசனை, கொஞ்சம் பசை வாசனை.

பிறகு கைகளை வாயருகே குவித்து ‘தமாயா!’ என்று கத்தினார். எப்போதும் தணிந்த குரலில் பேசுகிற மனுஷி.

இறந்தவர்களைப் பற்றிக் கேட்டீர்களே. 1733க்கு ஏன் போனீர்கள்? வாணம் விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொதொதோய் பாலம் இருக்கிறது. 1945 மார்ச் 10 அதிகாலைக் குண்டுவீச்சில் டோக்கியோவின் அந்தப் பகுதி முழுக்க எரிந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். அசகுசா பக்கத்துச் சனம் அக்கரை போனால் பிழைக்கலாமென்று பாலத்தில் ஏறியது, முகோஜிமா பக்கத்துச் சனம் இக்கரை போனால் பிழைக்கலாமென்று ஏறியது. நடுவில் இரண்டும் முட்டி நகர முடியாமல் நிற்கையில் நெருப்பு பாலத்தின் மேலே பாய்ந்தது. ஆற்றில் குதித்தவர்கள் குளிரில் செத்தார்கள். பாலத்தின் கல்தூண்களில் ஒரு கறுப்பு இருந்தது. அன்றைய நெருப்பில் படிந்தது என்று ஊரார் சொல்வார்கள். பழைய கற்களில் சிலவற்றைக் கரையிலுள்ள சுமிதா பூங்காவில் இன்று வைத்திருக்கிறார்கள். அந்த இரவில் பாட்டி தாயையும் தம்பியையும் இழந்தவர். பாலத்தைக் கடக்கும்போது ஒருமுறை அவராகச் சொன்னார், நடந்துகொண்டே, ஏதோ கடைக்கணக்கு சொல்வதுபோல.

வாணச் சத்தம் கேட்டால் அந்த இரவு ஞாபகம் வராதா என்று கேட்டேன். 48இல் மறுபடி தொடங்கிய வருடம் பயமாகத்தான் இருந்தது, வாசலுக்கே வரவில்லை என்றார். அடுத்த வருடம் வந்து பார்த்தேன், இவை கீழே விழவில்லை, மேலேயே அணைந்துபோயின. அப்புறம் விடாமல் பார்க்கிறேன் என்றார்.

தாய்க்கும் தம்பிக்கும் அவர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவரல்ல. ஜூலை நடுவில் ஓபோன் நாட்களில் பூஜை மாடத்தைத் துடைத்து, அந்தப் பித்தளைக் கிண்ணத்தைத் துலக்கி, விளக்கேற்றி, வெள்ளரிக்காய் வைத்து, மணியடித்துக் கும்பிடுவார். அந்த நாட்களில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அது முடிந்து இரண்டு வாரம் கழித்து வாணவேடிக்கை. அன்றைக்கு ஏணியில் ஏறி, சோயாக் காயை உரித்துத் தின்று, தமாயா என்று கத்துவார். கும்பிட எவ்வளவோ இருந்தவர் அவர். வாணத்தை அதற்குப் பயன்படுத்தவில்லை.

ஆரம்ப வருடங்களில் நன்றாக இருந்ததா என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. கூட்டம் அப்போதும் இப்படித்தான். ரயில் நிலையத்தில் அப்போதும் மூச்சு முட்டும். ஒரே ஒரு வித்தியாசம்: எங்களுக்கு ஒரு பரண் இருந்தது, நாற்றம் பிடித்த அந்தப் பதினாறு கோடைகளை மறக்காத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு ஆற்றின் நிலைமை அன்றைவிட எவ்வளவோ மேல். பல இடங்களில் சுவருக்கு முன்னால், தண்ணீரை ஒட்டியே நடைபாதை போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆட்கள் ஓடுகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள். உங்களுக்கு ரயிலில் கொஞ்ச நேரம்தான். வாணம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கொதொதோய் பாலத்திலிருந்து கீழ்நோக்கி நடந்து பாருங்கள், யாரும் விரட்டமாட்டார்கள். அடுத்த முறை எனக்கு எழுதும்போது யோஷிமுனேயை விட்டுவிடுங்கள். அந்தச் சேற்றை வாரியது யார், குழாய் பதித்தது யார், அதற்குச் சண்டை போட்டது யார் என்று கேளுங்கள். தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

மனைவிக்கும் மகளுக்கும் என் அன்பு.